தரையில் படுத்த கோடு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வலது கண்ணில் புரை எடுத்ததால் பதில் தள்ளிப்போய்விட்டது. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. உன் கையெழுத்துதான் இன்னும் பிடிபடவில்லை.

ரிட்டயர் ஆகி என்னடா பண்றே என்று கேட்டிருந்தாய். பேத்தியிடம் ‘ஆர்’ படிக்கிறேன். புள்ளியியலுக்கென்றே உள்ள கணினி மொழி. நியூசிலாந்தில், ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் தொடங்கி வைத்தது. காசு கிடையாது. எம்.எஸ்சி.யில் இயல்நிலைப் பரவலின் மணி வடிவக் கோட்டை வரைய நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? அட்டவணையைப் பார்த்துப் பார்த்து கிராஃப் தாளில் புள்ளி வைப்போம். மணி கடைசியில் பானையாகி நிற்கும். இப்போது ‘கர்வ்’ என்று ஒரே வரி. அசல் மணி. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

பழகுவதற்கென்று ஆரிலேயே சில தரவுகள் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்று பீறிட்டபோதெல்லாம் எத்தனை நிமிடம் நீடித்தது என்று 272 தடவைக்கான கணக்கு அதில் ஒன்று. எத்தனை நிமிடத்துக்கு எத்தனை தடவை என்று பட்டைகளாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் போட்டேன். அதன்மேல், எண்கள் எங்கே நெருங்கிக் கிடக்கின்றன என்று வழவழப்பாகக் காட்டும் அடர்த்திக் கோட்டைப் போடச் சொன்னேன். கோட்டைக் காணோம். திரும்பப் போட்டேன், அப்போதும் காணோம். புரை எடுத்த கண்மேல் பழி போட இருந்தபோது பேத்தி எட்டிப் பார்த்து, “தாத்தா, அது தரையில படுத்திருக்கு” என்றாள்.

பட்டைகள் எண்ணிக்கையைக் காட்டுகின்றன. பெரிய பட்டையின் உயரம் 75. அடர்த்திக் கோடோ அரையைக்கூடத் தொடாது, அதன் கீழ்ப் பரப்பு மொத்தமே 1 தானே! முப்பது வருடம் கரும்பலகையில் நான் எழுதிப்போட்ட பாடம். ‘ஃப்ரீக்’ என்பதற்கு ‘ஃபால்ஸ்’ கொடுத்தேன், அதாவது எண்ணிக்கை வேண்டாம், பட்டைகளும் அடர்த்தியையே காட்டட்டும் என்று. கோடு எழுந்து பட்டைகள்மேல் உட்கார்ந்துகொண்டது.

எழுந்த கோட்டில் இரண்டு மேடு. 2 நிமிடத்தையொட்டி ஒன்று, நாலரைக்குக் கொஞ்சம் முன்னே இன்னொன்று. சராசரி 3.49 நிமிடம் என்கிறது கணக்கு. அந்தச் சராசரி விழுகிற 3 முதல் 3.5 வரையிலான பட்டையில் 272-க்கு வெறும் 9! நடுப்பள்ளத்தில் யாருமே குடியில்லை, முகவரி மட்டும் அங்கே. ஆனால் கோட்டை எவ்வளவு வழவழப்பாக்குவது என்பது நம் கையில்தான் இருக்கிறது. ‘அட்ஜஸ்ட்’ 0.1 என்றால் ரம்பப் பல். 6 என்றால் இரண்டு மேடும் கரைந்து ஒன்றாகிவிடுகிறது. ஏமாற்ற நினைப்பவனுக்கு ரொம்ப வசதி.

அது கிடக்கட்டும். போன கடிதத்தில் உங்கள் கிணற்றில் தண்ணீர் சராசரி 30 அடியில் நிற்கிறது என்று எழுதியிருந்தாயே, எனக்கு இப்போது அதன்மேல் சந்தேகம். கார்த்திகையில் குனிந்து மொண்டுவிடலாம் என்கிறாய், சித்திரையில் கயிறு போதவில்லை என்கிறாய். சரியாக 30 அடியில் எத்தனை நாளடா நின்றது? ஞாயிறுதோறும் அளந்து எழுதுகிறாயே, அந்த டைரியைப் பக்கம் பக்கமாக போட்டோ எடுத்து அனுப்பு. எண்களை மட்டும் கொஞ்சம் பார்த்து எழுது, பேத்தி படிக்க வேண்டும்.

தங்கச்சியை நான் கேட்டதாகச் சொல்.

உன்,
ராமலிங்கம்