எடுத்துக்கொண்டு போன மாதிரிக்குப் பதில் சொல்லுங்கள்

தண்ணீர், மருத்துவம், புதிய பொருட்கள் தொடர்பான ஆராய்ச்சிகளுக்கு நிதி தரும் அமைப்புகளுக்கும், அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களுக்கும், கள ஆய்வுக்கு மாணவர்களை அனுப்பும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் எங்கள் ஊருக்கு மறுபடியும் ஒரு ஆராய்ச்சிக் குழு வந்துபோனது. தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. 2011, 2016, அப்புறம் இப்போது என்று எனக்குத் தெரிந்து இது மூன்றாவது முறை. வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில்கள், ஐஸ் பெட்டி, கையில் ஜிபிஎஸ், எண் எழுதிய ஸ்டிக்கர். அடிபம்பில் கொஞ்ச நேரம் தண்ணீரை அடித்து வெளியே விட்டுவிட்டுப் பாட்டிலை நிரப்பினார்கள். வீடு வீடாகப் போய்ச் சிறுநீர் மாதிரி கேட்டார்கள். எங்கள் ஊரில் ஒருத்தரும் மறுக்கவில்லை. திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். கிளம்பும்போது என் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "போன தடவ எடுத்துட்டுப் போனீங்களே, அது என்னாச்சும்மா?"

மாதிரி எடுக்க வந்திருந்த அந்த மாணவிக்குப் பதில் தெரியவில்லை. போன தடவை வந்தது வேறு குழு, வேறு நிறுவனம். வெயிலில் பாட்டில் சுமந்து அலைந்த அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் வருத்தம் அவரை அனுப்பியவர்கள் மேல். அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது நீங்கள்தான் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு அளவுக்கு மீறினால் பல்லில் காவி ஏறும், எலும்பும் மூட்டும் இறுகும். அதைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. பழைய சென்னை மாகாணத்தில் நெல்லூர்ப் பக்கம் இந்த நோயைக் கண்டு எழுதியது 1937-இல். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. எங்கள் பாறை எப்படிப்பட்டது, அதில் ஊறும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைந்து சோடாவின் தன்மை கூடினால் ஃபுளோரைடு ஏன் ஏறுகிறது, எல்லாம் நீங்கள் எழுதிய கட்டுரைகளிலேயே இருக்கிறது. நான் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். அதனால் அவற்றை ஓரளவு படிக்க முடிகிறது. என் ஊர்க்காரர்களால் முடியாது. அதனால்தான் இந்த மடலை நான் எழுத வேண்டியதாகிவிட்டது.

2016-இல் வந்த குழு தண்ணீர் எடுத்ததோடு பெரியவர்களைப் பரிசோதனையும் செய்தது. மூன்று சோதனைகள். தாடையை நெஞ்சில் தொடவேண்டும். இரண்டு கையையும் மடக்கிப் பின்கழுத்தில் கோக்கவேண்டும். மூன்றாவது, தரையில் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டு, முட்டியை மடக்காமல் குனிந்து எடுக்கவேண்டும். முதுகும் மூட்டும் இறுகிப்போயிருந்தால் முடியாது. செலவில்லாத, நல்ல சோதனைதான்.

எங்கள் வாசலில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைப் போட்டார்கள். அம்மாவுக்கு அப்போது 54 வயது. குனிந்தார். விரல் முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் போனது, அதோடு நின்றுவிட்டது. "முட்டிய மடக்காம எடுங்கம்மா" என்றார் அந்த மாணவர். அம்மா மறுபடியும் முயன்றார். சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தடவை முடியாமல் நிமிர்ந்து, "களையெடுத்த இடுப்பு தம்பி, அதான்" என்று அம்மா சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்பதை என்னால் மறக்க முடியவில்லை. தாளில் ஒரு டிக் போட்டார்கள். நாணயத்தை எடுத்துக்கொண்டார்கள். மாதிரி எண் 37 என்று ஒரு சீட்டைக் கொடுத்து, "ரிசல்ட் வந்ததும் சொல்றோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் சீட்டை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

ரிசல்ட் வரவில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம். வந்திருந்தது, எங்களுக்குத்தான் வரவில்லை.

2022-இல் என் மாணவர்களுக்காக எதையோ தேடிக்கொண்டிருந்தபோது அந்த ஆய்வுக் கட்டுரை கண்ணில் பட்டது. வெளியானது 2018-இல். படிக்கவேண்டுமென்றால் பணம் கட்டச் சொன்னது. ஒரு தோழி மூலமாக வாங்கிப் பார்த்தேன். எங்கள் ஊரின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். ஆனால் அட்டவணையில் அட்சரேகை, தீர்க்கரேகை இருந்தன. அந்த எண்களை போனில் போட்டுப் பார்த்தேன். புள்ளி போய் விழுந்த இடம் தொடக்கப் பள்ளிக்கும் பால்வாடிக்கும் நடுவில் இருக்கும் அடிபம்பு. அதற்கு நேரே ஃபுளோரைடு 4.2 என்று இருந்தது.

காவிரித் தண்ணீர் வருகிறதே என்று கேட்பீர்கள். வருகிறது. ஜப்பான் கடனுதவியில் 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த மாவட்டத்துக்குப் பெரிய வரம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் தெருக்குழாயில் தினமும் தண்ணீர் வருவதில்லை. வராத நாளில் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் பம்பில்தான் குடித்தார்கள். அந்தத் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், வாடையும் கிடையாது. காய்ச்சிக் குடித்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டினால் இன்னும் கூடும். ஊர்க்காரர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

என் அண்ணன் மகன் 2017-இல் அந்தப் பால்வாடியில் சேர்ந்தான். ஈறுக்குள் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயது, எட்டு வயது வரைக்கும் அதுதான் முக்கியமான காலம் என்று உங்களுக்கே தெரியும். இப்போது அவனுக்கு 11. முன்பல் இரண்டிலும் குறுக்காகக் காவிக் கோடு. அது மேலே படிந்த கறை இல்லை, பல்லோடு சேர்ந்தே உருவானது என்று நான் எத்தனை தடவை சொல்லியும் காலையில் ஈறில் ரத்தம் வரும்வரை தேய்க்கிறான். போட்டோ எடுத்தால் வாயை மூடிக்கொள்கிறான்.

கட்டுரையை நகலெடுத்து, அந்த ஒரு வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பள்ளியிலும் ஊர்ப் பெரியவர்களிடமும் காட்டினேன். ஒரே வாரத்தில் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். யாரும் தர்க்கம் செய்யவில்லை, யாரும் செலவு கேட்கவில்லை. ஒரு வாரம்தான் ஆனது. கட்டுரை வெளியானதற்கும் அந்த வாரத்துக்கும் நடுவில் நான்கு வருடம். நான்கு வருடமும் அந்த எண் உங்கள் கணினிகளில் இருந்தது, பிள்ளைகள் பம்பை அடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. மரியாதைக் குறைவாக ஒரு சொல்கூட வந்துவிடக் கூடாது என்று அடித்தடித்து எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். எடுத்துக்கொண்டு போன மாதிரியின் முடிவை, எடுத்த இடத்தில், தமிழில் சொல்லுங்கள்.

கட்டுரை வெளியாகும்வரை காத்திருக்க வேண்டாம். ஃபுளோரைடை அளக்கும் மின்வாய்க் கருவி அன்றைக்கே எண்ணைக் காட்டிவிடுகிறது. 1.5-ஐத் தாண்டினால் ஒரு போன், ஒரு தாள். அதற்குமேல் மனமிருந்தால் ஒரு டப்பா பெயின்ட். பங்களாதேஷில் குடிநீரில் ஆர்சனிக் என்ற நச்சுப் பிரச்சினை வந்தபோது கிட்டத்தட்ட 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்து, நல்லதற்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு என்று பம்பின் வாயிலேயே பூசினார்கள். ஏறக்குறைய 14 லட்சம் கிணறுகளுக்குச் சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் குடத்தோடு வந்து நிறத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பம்புக்குப் போகலாம். எங்கள் ஊரில் மொத்தமே ஆறு பம்புகள்.

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. 2025-இல் வேதியியல் நோபல் பரிசு உலோகக் கரிமக் கட்டமைப்புகளை உருவாக்கிய கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் கிடைத்தபோது வகுப்பில் பிள்ளைகளிடம் சந்தோஷமாகச் சொன்னேன். உள்ளே வெற்றிடம் நிறைந்த, பஞ்சு மாதிரியான படிகங்கள். சிர்கோனியம், அலுமினியம் சேர்த்து அதே வகையில் செய்த பொருட்கள் தண்ணீரிலிருந்து ஃபுளோரைடைப் பிடிக்கின்றன என்று எத்தனையோ கட்டுரைகள் இருக்கின்றன. பல கட்டுரைகளின் முதல் பத்தி எங்கள் கதைதான், இந்தியாவில் இத்தனை மாநிலங்களில் இந்த நோய் என்று. ஆனால் சோதனைப் பகுதிக்கு வந்தால், காய்ச்சி வடித்த தண்ணீரில் சோடியம் ஃபுளோரைடைக் கரைத்துச் செய்ததாக இருக்கும். எங்கள் போர் தண்ணீரில் பைகார்பனேட் இருக்கிறது, சல்பேட் இருக்கிறது, சிலிக்கா இருக்கிறது, காரத்தன்மையும் கூடுதல். இவையெல்லாம் சேர்ந்தால் ஃபுளோரைடை நீக்கும் சாதாரண அலுமினா வடிகட்டியே பாதியில் சோர்ந்துபோகும். அப்புறம் அதைக் காரமும் அமிலமும் விட்டுக் கழுவி மறுபடி தயார்செய்ய வேண்டும். அதை யார் செய்வது, கழுவிய தண்ணீரை எங்கே கொட்டுவது? கட்டுரையின் முதல் பத்தியில் எங்களைச் சேர்த்துக்கொள்கிறவர்கள், சோதனைக்கு எங்கள் தண்ணீரில் ஒரு குடமாவது கேட்டு வாங்கியிருக்கலாம். சந்தோஷமாகக் கொடுத்திருப்போம்.

முடியாது என்றில்லை. சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப்பின் குழு ஆர்சனிக்கை நீக்கும் பொருளை உருவாக்கி, ஆய்வகத்தோடு நிறுத்தாமல் ஊர்களில் கொண்டுபோய்ப் பொருத்தியிருக்கிறது. மனம் வைத்தவர்கள் செய்திருக்கிறார்கள்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பள்ளிச் சிறுவர்களுக்குத் தினமும் 10 கிராம் புளி கொடுத்துப் பார்த்து, சிறுநீர் வழியாக ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறுகிறது என்று 2002-இல் எழுதினார்கள். தினம் புளிக்குழம்பு வைக்கும் ஊர் எங்களுடையது. புளி போதும் என்று நான் சொல்லவரவில்லை, தண்ணீரை மாற்றாமல் எதுவும் தீராது. ஆனால் எங்கள் அடுப்படிக்கு இவ்வளவு நெருக்கமான ஒரு செய்தி எங்களை வந்து சேராதது எனக்கு ஆறவே இல்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கலாம். நல்ல திட்டம். ஆனால் தனியார் பள்ளி ஆசிரியை நான் அதற்குள் வரமாட்டேன். 37-ஆம் எண் எங்கே வருவார்?

ஏரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் எங்கெங்கோ போகிறேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஏரி நிரம்பிக்கொண்டிருந்தவரை அதன் கீழே இருந்த கிணறுகளில்தான் ஊரே குடித்தது. மழைநீர் ஊறி ஊறி வந்த தண்ணீர் அது. வரத்துக் கால்வாய் தூர்ந்தது, கிணறு வற்றியது, போர் 300 அடி, 600 அடி, 1,000 அடி என்று இறங்கியது. வருடக்கணக்கில் பாறைக்குள் கிடந்த தண்ணீரை மேலே இழுத்தோம், அதோடு ஃபுளோரைடும் ஏறி வந்தது. அந்த ஏரியில் எந்த மீன் இருக்கிறது, என்ன பாசி இருக்கிறது என்று ஆய்வு செய்யக்கூட ஒருவர் வந்துபோனார். அவர் கண்டதும் எங்களுக்குத் தெரியாது.

மன்னிக்கவும். கேட்க வந்ததற்கே திரும்புகிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகள், சம்மதம் கேட்பது பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும், ஆராய்ச்சியின் பயன் அவர்களுக்கும் அவர்கள் சமூகத்துக்கும் கிடைக்கவேண்டும் என்கின்றன. 2016-இல் அம்மா கைநாட்டு வைத்த படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. போன வாரம் வந்த படிவம் தமிழில் இருந்தது, அதற்கு மனமார நன்றி. அந்தத் தமிழிலேயே இன்னும் ஒரு வரி சேருங்கள்: முடிவு எந்தத் தேதிக்குள், யார் மூலமாக உங்களுக்கு வரும் என்று. அந்த வரி இல்லாத திட்டத்துக்கு நிதி தராதீர்கள், அனுமதியும் தராதீர்கள். கடைசித் தவணைப் பணத்தை விடுவிக்கும் முன், ஊரில் முடிவைச் சொன்னதற்கான ஊராட்சியின் கையெழுத்தைக் கேளுங்கள். பயணச் செலவுக்கு ரசீது கேட்கிறீர்கள் அல்லவா, அதுபோல இதையும் கேளுங்கள்.

போன வாரம் எங்கள் ஊரிலிருந்து எடுத்த தண்ணீர் இப்போது உங்களில் யாரோ ஒருவரின் ஆய்வகக் குளிர்பெட்டியில் இருக்கிறது. ஆறு பம்புகளில் பள்ளிக்கூடத்துப் பம்பை மூடிவிட்டோம். மீதி ஐந்தில் எதில் குடிக்கலாம், எதில் கூடாது என்று இந்த மாதத்துக்குள் சொல்லிவிடுங்கள், தயவுசெய்து. பெயின்ட் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

அம்மாவுக்கு இந்தத் தடவை கொடுத்த எண் 12. அந்தச் சீட்டையும் சாமி படத்துக்குப் பின்னால், பழைய சீட்டோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

மரியாதையுடன்,
மாதிரி எண் 37-இன் மகள்
தர்மபுரி மாவட்டம்