ஆறு பிளேட் பாக்கி

அக்கா,

ஷட்டரில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்தேன். நேற்று குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் அம்மாவுக்கு மாத்திரை வாங்க வந்தவன் வழக்கம்போல எதிர்ப்பக்கமாகவே நடந்து போயிருப்பேன், மழை பிடித்துக்கொண்டதால் உங்கள் கடைத் தகரத்தின் கீழ் ஒதுங்கும்படி ஆகிவிட்டது. 'வாடகைக்கு' என்று உங்கள் கையெழுத்து. அந்தக் கையெழுத்தில் எத்தனை வருஷம் பில் வாங்கியிருக்கிறோம், எனக்குத் தெரியாதா.

அங்கிளின் ஓராண்டுப் பூசைக்கு நான் வரவில்லை. அடக்கத்தன்று வந்தேன், அது உங்களுக்குத் தெரியாது. கல்லறைக்கு எதிரே ஒரு டெம்போ நின்றதே, அதன் பின்னால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டு முறை போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்துவிடுவீர்களோ என்ற பயத்தில் நான் அடிக்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அங்கிளின் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடை (பொரித்த மீனும் உருளைக்கிழங்கும்), அதன் பெயரை எழுதப் போவதில்லை. ஊர்க்காரர்களுக்கு எப்படியும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இதை என் மனைவி படிப்பாள், அவள் அப்பாவும் படிப்பார் (வணக்கம் மாமா). சில இடங்களில் கொஞ்சம் பார்த்துத்தான் எழுதுவேன், நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

2023 மே. அந்தச் சனிக்கிழமை.

பூக்கண்காட்சிக் கூட்டம், மேட்டுப்பாளையம் ரோட்டில் பதினான்கு வளைவிலும் வண்டி நகரவில்லை. பெண் வீட்டார் வீடு பார்க்க வந்திருந்தார்கள், மேற்குக் கடற்கரைக் கொளச்சலிலிருந்து, மாமா, அத்தை, மைத்துனன். அம்மா வீட்டிலேயே சமைக்கிறேன் என்றுதான் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. மூன்று மாதமாகப் போனில் கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் உங்கள் கடையைப் பற்றித்தான் பேசியிருந்தேன், மலையில் என்ன மீன் கிடைத்துவிடப் போகிறது என்று அவள் சிரித்ததற்காகவே அவள் வீட்டாரை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று ஒரு வீம்பு. ஐந்து மேசையும் நிறைந்திருந்தது. எங்களுக்காக அங்கிள் உள்ளிருந்து அந்த ஆடுகிற பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார்.

ஆர்டர் எடுத்தது நீங்கள். இதை நான் மறக்கவே மாட்டேன், மறக்கச் சொல்லாதீர்கள். "ஆறு வஞ்சிரம் ஃபிஷ் அண்ட் சிப்ஸ், பட்டாணி எக்ஸ்ட்ரா" என்றேன். என் முகத்தைப் பார்த்தீர்கள். அப்புறம் குனிந்து எழுதினீர்கள், ஆறு வஞ்சிரம் என்று.

தட்டு வந்தது. வாசனை அதேதான். மைதாவோடு அரிசி மாவும் சில்லென்ற சோடாவும் கலந்த அந்த மேல்மாவு, விரல் தடிமனில் சிப்ஸ், சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்ட ஆன்ட்டியின் மயோனைஸ், மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட வினிகர் பாட்டில். இங்கிலாந்தில் காய்ந்த பட்டாணியை ஊறவைத்து மசிப்பார்களாம், நமக்கென்ன தலையெழுத்து, கேத்தியில் பச்சையாகவே விளைகிறதே என்று அங்கிள் சொல்வதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். உலகப் போரில் வெள்ளைக்காரன் எத்தனையோ சாப்பாட்டுச் சாமானுக்கு ரேஷன் போட்டான், ஃபிஷ் அண்ட் சிப்ஸுக்குப் போடவில்லை என்பதையும் சொன்னேன். அது அங்கிளின் கதை, என் கதை மாதிரி சொன்னேன். 'அவனுக்குக் காட், ஹாடாக் மீன், நமக்கு வஞ்சிரம்' என்று முடிப்பாரே, அதையும் விடவில்லை.

மாமா ஒரு விள்ளல் வாயில் போட்டார். மென்றார். மேல்மாவை விரலால் பிரித்து உள்ளே பார்த்தார். அவர் சத்தமாகப் பேசுகிற ஆளில்லை, அன்றும் சத்தமாகப் பேசவில்லை, இதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "மாப்பிள, இது நெய்மீன் இல்ல. கடல் மீனே இல்ல. ஏதோ கெளுத்தி ஜாதி."

கொளச்சல் பக்கம் வஞ்சிரத்துக்கு நெய்மீன் என்றுதான் பெயர். நான் சிரித்தேன். சீசனில் மீன்பிடித் தடைக்காலம் மாமா, கொஞ்சம் ஐஸ் மீனாக இருக்கும் என்றேன். எங்கள் பக்கம் தடை ஜூன் 1-க்கு அப்புறம்தான், போன வாரம்கூட இறங்கியதே என்றார். எனக்கு அது தெரியாது அக்கா. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக்கு வேறு கணக்கு, கேரளத்தில் ஜூன் 9 ராத்திரியிலிருந்து ஜூலை முடிய, இதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: மைத்துனன் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சிப்ஸை மட்டும் தின்றுகொண்டிருந்தான்.

அப்போதுதான் எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது, அம்மாவும் படிப்பாள். "ஏமாத்து" என்ற சொல் மூன்று தடவையாவது வந்திருக்கும். பெங்களூர்க்காரர்கள் இரண்டு மேசை போனைத் தூக்கிப் பிடித்தார்கள். நீங்கள் கல்லாவிலிருந்து எழுந்திருக்கவில்லை.

அங்கிள் வெளியே வந்தார். கை முழுக்க மாவு. என்னைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்து, "ஆமாங்க, பாசாதான்" என்றார். அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நேரே சுவரோரம் போய், அந்தக் கரும்பலகையில் முதல் வரியில் இருந்த 'வஞ்சிரம்' என்பதை அந்த ஈரக் கையாலேயே துடைத்தார். சாக்பீஸும் மாவும் குழைந்து ஒரு வெள்ளைத் தீற்றல் நின்றது. பிறகு மற்ற மேசைகளுக்குப் போய் ஒவ்வொருவரிடமும் அது பாசா, வேண்டாமென்றால் காசு வேண்டாம் என்று சொன்னார். ஒரு ஆள்கூட எழுந்திருக்கவில்லை அக்கா. அவர்களுக்கு நன்றாகத்தான் இருந்தது. நான் சட்டைப்பையில் கை விட்டபோது வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த ஆறு பிளேட் காசு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இப்போது மன்னிப்பு. கேட்கிறேன். சபையில் கத்தியதற்குக் கேட்கிறேன். அங்கிளை அந்த வயதில், மாவுக் கையோடு, அப்படி நிற்க வைத்ததற்குக் கேட்கிறேன். ஆனால் சொன்னது பொய் என்று யாராவது சொல்லட்டும். வியட்நாமிலும் ஆந்திராவிலும் குளத்தில் வளர்ந்த மீனை, முள்ளெடுத்து ஐஸ் கட்டியாக வந்ததை, வஞ்சிரம் என்று எழுதி வஞ்சிரத்தின் விலைக்கு விற்றீர்கள். பாசா என்று எழுதியிருந்தால் பாசா என்றே தின்றிருப்போம். ஆயிரத்தைத் தாண்டி வாங்கி எப்படிடா கட்டுப்படியாகும் என்று நீங்கள் அப்புறம் அம்மாவிடம் சொன்னீர்களாம். நியாயம்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க பையன் கடலைக் கண்ணால பாத்திருப்பானா, மீனைப் பத்திப் பேச வந்துட்டான்" என்று மார்க்கெட்டில் நான்கு பேர் கேட்கச் சொன்னது எதற்கு?

சரி. அதுவும் உண்மைதான், அதுதான் சுட்டது. மாமா சொல்லாவிட்டால் அந்தத் தட்டை நான் வழித்துத் தின்றுவிட்டு வஞ்சிரம் எப்படி என்று அவரிடமே கேட்டிருப்பேன். எப்போதிலிருந்து மாறியது என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த சீசனில் மட்டுமா, அதற்கு முந்தின வருஷமா, மூன்று வருஷமாகவா? நான் புகழ்ந்து புகழ்ந்து சாப்பிட்டதில் எத்தனை தடவை அது பாசா? யோசித்தால் இப்போதும் காது சூடாகிறது. அன்று கத்தியதில் பாதி என் நாக்கைப் பார்த்துக் கத்தியது.

ஆனால் அக்கா, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைகூட வேண்டாம். குனிந்து எழுதுவதற்கு முன்னால், "இன்னைக்கு சிக்கன் நல்லாருக்குடா" என்றிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அரவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் அப்பாவுக்குச் சம்பளம் போட்ட மறுநாள் தவறாமல் வந்தவர்கள் நாங்கள். நான் நாலாம் வகுப்பில் முள் சிக்கி முழித்தபோது சோற்றை உருட்டி வாயில் திணித்து முதுகில் குத்தியது நீங்கள். ஊருக்கு வந்தவனும் நானும் ஒன்றா?

2009 நவம்பர் ஞாபகம் இருக்கும். மண்சரிவில் மேட்டுப்பாளையம் ரோடு போய்விட்டது, மீனும் இல்லை, பாலும் சரியாக இல்லை. எப்போதும் கிழங்கு மூட்டையை மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டியில்தான் உங்களுக்குக் கோயம்புத்தூர் உக்கடத்து மீன் தெர்மாகோல் பெட்டியில் ஏறி வரும், அந்த வண்டியே மலையில் மாட்டிக்கொண்டது. அங்கிள் பலகையில் என்ன எழுதினார்? 'மீன் இல்லை. சிப்ஸும் கருவாட்டுக் குழம்பும்.' அப்படியே எழுதினார். நாங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து அதைத் தின்றோம். அந்த வினோதமான சாப்பாடு, சிப்ஸைக் கருவாட்டுக் குழம்பில் தொட்டு, அதைவிட ருசியாக அந்தக் கடையில் நான் வேறெதுவும் தின்றதில்லை என்று அடித்துச் சொல்வேன். அப்படி எழுதிய கைதானே இதையும் எழுதியது என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அல்லது இதை எழுதிய கை உங்களுடையதா? அதைக் கேட்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் என் காதில் விழுந்தவை எல்லாம் ஊரார் சொன்னவை. யாரோ எடுத்த வீடியோ வாட்ஸப்பில் சுற்றியதாம். சத்தியமாக நான் யாருக்கும் அனுப்பவில்லை. மறு வருஷம் மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, வண்டிகள் குறைந்துபோச்சு என்று எல்லாக் கடைக்காரர்களும் புலம்பினார்கள், உங்கள் கடை அதனால்தான் நொடித்தது என்று நான் என்னிடமே சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நாள் அதை நம்பவும் செய்தேன். அங்கிளுக்கு நெஞ்சு வலி வந்தது அதே வருஷக் கடைசியில். இதற்கு மேல் இதை எழுத எனக்குத் தைரியம் இல்லை, பார்ப்பவர்கள் பார்க்கிறார்கள்.

மாமாவுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் அவர் என்னிடம் சொன்னது, "மீனு எதுவா இருந்தா என்ன, பொரிச்ச பக்குவம் எங்க ஊருல கெடையாது. நீங்க கத்தியிருக்க வேண்டாம்." கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். அப்போதே ஓடிவந்து அங்கிளிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். மாடியிலிருந்து பார்த்தால் உங்கள் கடை விளக்கு தெரியும். எரிந்துகொண்டுதான் இருந்தது.

கடையை யாருக்கு வேண்டுமானாலும் விடுங்கள். வர்க்கியும் சாக்லேட்டும் தைலமும் விற்க இன்னொரு ஆள் வருவான், வரட்டும். உங்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. தம்பியும் வெளிநாட்டில், ஆன்ட்டிக்கு முட்டி வலி, நீங்கள் ஒருத்தியாக எத்தனை நாள் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க முடியும்? ஆனால் பேப்பர் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு நாள், ஒரே ஒரு சனிக்கிழமை, எல்லோருக்கும் சொல்லிவிட்டு அடுப்பை மூட்டியிருக்கலாம். எங்களுக்கெல்லாம் அந்தக் கடையில் ஒரு பங்கும் இல்லையா? இல்லைதான். சரி.

போன வாரம் கொளச்சலிலிருந்து பஸ்ஸில் ஐஸ் பெட்டி வந்தது. நெய்மீன், நாலு கிலோ. ஞாயிற்றுக்கிழமை நானே பொரித்துப் பார்த்தேன். மீன் பரவாயில்லை. சிப்ஸ் கெட்டுவிட்டது. உள்ளே வேகும் முன்னால் வெளியே பழுப்பாகி, தித்திப்பும் கசப்புமாக ஆகிவிட்டது. நம் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் கிழங்கை முதலில் கூடுதல் நேரம் வேகவை என்று அங்கிள் சொன்னது ஞாபகம் இருந்தது, வேகவைத்தேன். அப்புறம்தான் தோன்றியது, மூட்டை பின்வாசலில் பனியில் கிடந்தது. குளிர்ந்த கிழங்கில் சர்க்கரை ஏறிவிடும், சட்டியில் போட்டால் கருகும் என்பாரே. டிசம்பரில் மூட்டையை அவர் அடுப்பங்கரைக்குள் மாற்றுவார் என்பது தெரியும். எத்தனை நாள் அங்கே வைப்பார்? ஒரு வாரமா, இரண்டு வாரமா? மூட்டையைப் பிரித்துக் கொட்டுவாரா, அப்படியே வைப்பாரா?

பாதி மீன் ஃப்ரீசரில் இருக்கிறது. திட்டுவதாக இருந்தாலும் திட்டிவிட்டு இதை மட்டும் சொல்லுங்கள்.