அவளை வரவிடு, மல்லிகா

நாகர்கோவில்
புதன்கிழமை இரவு

அன்புள்ள மல்லிகா,

நேற்று நீ அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது. நான் போனில் சொன்னதில் பாதிதான் உனக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பக்கத்தில் யாரோ வந்துவிட்டார்கள், நீயும் "சரி, சரி" என்று வைத்துவிட்டாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு அண்ணனிடம் கொடு. முடிந்தால் சம்பந்தியம்மாவுக்கும் வாசித்துக் காட்டு. அவர்கள் நல்ல மனுஷிதான். மாசமாக இருக்கும் உன் சின்ன மகள் கரண்ட் வைக்கும் அப்பா பக்கம் வரக்கூடாது என்று பயத்தில் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்குத் தொண்டைப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து மெஷின் மூலம் கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை, வைக்கிறார்கள். அந்தக் கதிர் அவர் உடம்பில் தங்காது. மெஷினை நிறுத்திய நொடியே அது முடிந்துபோயிற்று. ஐந்து மாதக் கர்ப்பத்தோடு சின்னவள் அவர் பக்கத்தில் உட்காரலாம், தோளில் சாயலாம், அதே அறையில் பாய் போட்டுத் தூங்கலாம். அவர் கரண்ட் வைத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாலும் சரி. அவர் எச்சிலிலோ வியர்வையிலோ துணியிலோ ஒரு துளிக் கதிரும் கிடையாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. என் அம்மாவுக்கு 2011-ல் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்தது உனக்குத் தெரியும். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல வாய் வரவில்லை.

அம்மாவுக்கு 25 நாள் கரண்ட், அப்புறம் மூன்று தடவை உள் கரண்ட். என் மூத்தவளுக்கு அப்போது நாலாவது மாதம். முதல் நாள் அவளும் கூட வந்திருந்தாள். கதவோரம் நின்ற ஆள் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "மாசமா இருக்கிறவங்க இங்க பக்கத்துல வரக்கூடாது" என்றார். கதவிலும் மஞ்சள் பலகையில் கதிர் இருப்பதைக் காட்டும் அந்த மூன்று இதழ்ப் படம் போட்டு, கர்ப்பிணிகளுக்கு எச்சரிக்கை எழுதியிருந்தது. அவர் சொன்னது அந்த அறையைப் பற்றி. நாங்கள் அம்மாவைப் பற்றி என்று எடுத்துக்கொண்டோம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவளை வளர்த்ததே அம்மாதான். அந்த அம்மா, "நீ உன் மாமியார் வீட்டிலேயே இரு மக்கா, பிள்ளைக்கு ஏதாவது ஆயிரப்போகுது" என்று அனுப்பிவிட்டாள். ஒரே ஒரு நாள் அவள் மனசு கேட்காமல் வந்தாள். அம்மா திண்ணையை விட்டு இறங்கவில்லை. இவளை வேப்பமரத்தைத் தாண்டி வரவும் விடவில்லை. கொண்டுவந்த பயறு கஞ்சித் தூக்கை இவள் காம்பவுண்டு சுவரில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். நான் போய் எடுத்து வந்தேன். இருவரும் அங்கிருந்தும் இங்கிருந்தும் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டார்கள். கஞ்சி ஆறும்வரை அவள் நின்றாள்.

குழந்தை பிறந்த பிறகும் அது விடவில்லை. அம்மா குழந்தை பக்கத்தில் வந்து உட்காருவாள், இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள். "தூக்கலாமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் கேட்பாள். கரண்ட் முடிந்து மாதக்கணக்காகியும் கேட்பாள். செக்கப்புக்குப் போன ஒரு நாள், கதிர் அளவைக் கணக்குப் போடும் அந்த இயற்பியல்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, "பாட்டி, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துட்டு வந்தவங்களை நீங்க தள்ளி உட்காரச் சொல்வீங்களா? இதுவும் எக்ஸ்ரேதான், சக்தி அதிகம், அவ்வளவுதான்" என்றார். அதற்குள் பேரன் தவழ ஆரம்பித்திருந்தான். அம்மா 2017 வரை இருந்தாள், நன்றாகவே இருந்தாள். ஆனால் அந்த மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

அன்று அவரிடம் நான் நிறையக் கேட்டேன். இப்போது பெரும்பாலும் இருப்பது லீனியர் ஆக்ஸிலரேட்டர் மெஷின். மின்சாரத்தில் ஓடுகிறது, எக்ஸ்ரேயை உண்டாக்குகிறது. சுவிட்சை அணைத்தால் கதிரே கிடையாது. பழைய கோபால்ட் மெஷினில் கதிர் வீசும் உலோகம் எப்போதும் உள்ளேயே இருக்கும். ஆனால் அது மெஷினின் தலைக்குள் கனத்த கவசத்தில் அடைபட்டிருக்கும், சிகிச்சை நேரத்தில் மட்டும் திறந்து மூடும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அந்த மெஷின் 1950-களிலேயே வந்துவிட்டது. இரண்டிலுமே கதிர் உடம்புக்குள் புகுந்து, வேலையைச் செய்துவிட்டுப் போய்விடுகிறது. 'கரண்ட்' என்று நாம் வைத்த பெயர்தான் நம்மைப் பயமுறுத்துகிறது என்று எனக்குத் தோன்றும். உடம்பில் ஏதோ ஏறி நிற்கிற மாதிரி, தொட்டால் அடிக்கிற மாதிரி.

அம்மாவுக்கு வைத்த உள் கரண்டும் அப்படித்தான். அரிசிமணி அளவில் இரிடியம் என்ற கதிர் வீசும் உலோகம், ஒரு கம்பியின் நுனியில் ஒட்டியிருக்கும். குழாய் வழியாக உள்ளே போய்ச் சில நிமிடங்கள் நின்றுவிட்டுப் பெட்டிக்கே திரும்பி வந்துவிடும். அறையை விட்டு வெளியே வரும் நோயாளியிடம் எதுவும் மிச்சமில்லை.

ஆனால் மல்லிகா, எல்லாக் கதிர் சிகிச்சையும் இப்படி இல்லை. நாளைக்கு வேறு யாருக்காவது வரும்போது நீ நான் சொன்னதையே அப்படியே சொல்லிவிடக் கூடாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கதிர் வெளியிலிருந்து வருகிறதா, உடம்புக்குள் மருந்தாகக் கொடுக்கிறார்களா?

என் நாத்தனாருக்குத் தைராய்டு புற்றுநோய்க்குக் கதிர் அயோடின் கொடுத்தார்கள். அது முற்றிலும் வேறு கதை. அதை விழுங்கியவர்தான் கதிர் வீசுவார். அவளைத் தனி அறையில் வைத்திருந்தார்கள், சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள், அவள் கழிவறைத் தண்ணீர்கூடத் தனித் தொட்டிக்குப் போய்த் தங்கித்தான் வெளியேறும். அந்த அயோடினின் வீரியம் பாதியாகக் குறைய 8 நாள் ஆகிறது. சிறுநீர், எச்சில், வியர்வை எல்லாவற்றிலும் வரும். வயிற்றுப் பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு வாரத்திலேயே தைராய்டு அயோடினை இழுக்க ஆரம்பித்துவிடும். அதனால் அங்கே கர்ப்பிணி உண்மையிலேயே தள்ளித்தான் இருக்க வேண்டும். எத்தனை நாள் என்பதை ஆஸ்பத்திரியில் எழுதியே கொடுப்பார்கள். அவள் வீடு திரும்பியதும் மாடி அறையில் தனியாகத்தான் இருந்தாள். ப்ராஸ்டேட்டுக்குள் நிரந்தரமாகக் கதிர் விதைகளை வைத்துவிடுகிற முறையும் உண்டு. அதிலும் கொஞ்ச காலம் கர்ப்பிணிகள் நெருக்கமாக வெகுநேரம் உட்கார வேண்டாம் என்பார்கள்.

அண்ணனுக்கு இவை எதுவும் இல்லை. அவர் கேஸில் கவனிக்க வேண்டியது கதிர் அல்ல, வேறு சில விஷயங்கள். அவற்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

வாரம் ஒரு நாள் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றுகிறார்கள் என்றாய் அல்லவா? கவனம் அங்கேதான் வேண்டும். ஏற்றிய நாளிலிருந்து இரண்டு மூன்று நாள் வரை அந்த மருந்து அவர் சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியே வரும். சின்னவள் அவர் பக்கத்தில் உட்காரட்டும், பேசட்டும். வாந்தி எடுத்த பேசினைக் கழுவுவது, படுக்கை விரிப்பைத் துவைப்பது, கழிவறையைத் தேய்ப்பது மட்டும் அவள் வேண்டாம். நீ செய், அல்லது தம்பியைச் செய்யச் சொல். ரப்பர் கையுறை போட்டுக்கொள். உங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட்தானே, இரண்டு வாளித் தண்ணீர் நன்றாக ஊற்றிவிடு. அழுக்கான துணியைத் தனியாகத் துவை. ஒன்று தெரியுமா, எல்லாரும் கரண்டுக்குப் பயந்து பிள்ளையை விரட்டுகிறார்கள், கீமோ ஏற்றிய மறுநாளே அதே பிள்ளையிடம் வாந்திப் பேசினைக் கொடுத்துவிடுகிறார்கள்.

எப்போதாவது பெட் (PET) ஸ்கேன் எடுக்கச் சொன்னால், அன்று ஒரு நாள் மட்டும் அவள் தள்ளி இருக்கட்டும். அதற்குப் போடும் ஊசியில் கதிர் உண்டு, ஆனால் அதன் வீரியம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். காலை பத்து மணிக்கு ஊசி போட்டால், மறுநாள் காலை காப்பி குடிக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அவர் அன்று தனியாகப் படுத்துக்கொண்டால் போதும். அந்த ஸ்கேன் பிரிவில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே துணைக்கு இவளை அனுப்பாதே.

தினசரி கரண்டுக்கு அவள் கூடப் போகலாமா என்று கேட்டாய். போகலாம். மெஷின் இருக்கும் அறைக்குச் சுவர் ஒரு மீட்டருக்கும் மேல் தடிமனான கான்கிரீட். மெஷின் ஓடும்போது நோயாளியைத் தவிர உள்ளே யாருமே இருக்க மாட்டார்கள். அவள் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதில் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் இருமல் சளி ஒட்டாமல் மாஸ்க் போட்டுக்கொள்ளட்டும், அது அவளுக்கும் நல்லது, அண்ணனுக்கும் நல்லது. இந்தச் சமயத்தில் அவருக்கு எதிர்ப்பு சக்தி குறைவு. அவளுக்குச் சளி, காய்ச்சல் என்றால் அவள்தான் அவரிடமிருந்து விலகி இருக்க வேண்டும்.

அப்புறம், இது யாரும் சொல்லாதது. கீமோ எடுப்பவர்களுக்குச் சிலசமயம் அக்கி கிளம்பும். அக்கி எழுதுகிறவரைத் தேடிப் போகாதே, உடனே டாக்டரிடம் காட்டு. சின்னவளுக்குச் சின்ன வயதில் சின்னம்மை போட்டதா என்று நினைவிருக்கிறதா? போட்டிருந்தால் கவலையில்லை. போடவில்லை என்றால், கொப்புளம் காய்ந்து பக்கு உதிரும் வரை அவள் அந்தப் பக்கம் வரவேண்டாம், அவளுடைய டாக்டரிடமும் சொல்லிவிடு. சின்னம்மைக் கிருமிதான் அக்கியாக வருகிறது.

எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கதிர் வீசும் தோரியம் இருக்கிறது. மண்ணும் ஆகாயமும் காற்றும் சேர்ந்து உலகத்தில் ஒரு மனுஷருக்கு வருஷத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (கதிரை அளக்கும் அலகு) கதிரைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கின்றன, எங்கள் கரையில் இன்னும் கூடுதல். அண்ணன் பக்கத்தில் உட்காருவதால் சின்னவளுக்குக் கூடப்போவது பூஜ்யம். சம்பந்தியம்மாவிடம் இதைச் சொல். நாம் சொல்லி நம்பவில்லை என்றால், மாப்பிள்ளையை ஒரு நாள் அண்ணனுடைய டாக்டரிடம் நேரில் கூட்டிப்போ. அவர் வாயால் கேட்டால் கேட்டுக்கொள்வார்கள்.

கரண்ட் வைக்கும்போது அண்ணனுக்கு மாட்டும் அந்த முகமூடியைப் பற்றியும் சொன்னாய். வெந்நீரில் போட்டு இளக்கி, முகத்தின் மேல் இழுத்து அழுத்தினார்கள், வலைக்குள் மாட்டிய மாதிரி இருந்தது என்று அவர் சொன்னதாக. தலை அசையாமல் இருப்பதற்காகத்தான் அது, சில மில்லிமீட்டர் விலகினாலும் அவர்களுக்குக் கணக்குத் தப்பும். மூன்றாவது வாரத்திலிருந்து வாய் புண்ணாகும், எச்சில் வற்றும், விழுங்கக் கஷ்டப்படுவார். அந்த நாளில்தான் அவருக்கு அவள் முகம் வேண்டும். குழைய வடித்த கஞ்சியில் மோர் விட்டு, மிளகும் மிளகாயும் இல்லாமல் கொடு. மூக்கில் டியூப் போட்டுவிட்டால்கூட, அவள் கையால் ஊற்றட்டும். "நீ வராதே, போனிலேயே பேசு" என்று அவர் அவளிடம் சொன்னாராம். போகப்போக அவருக்குக் குரலும் கம்மிவிடும், போனில் பேசவும் முடியாது.

சனி, ஞாயிறு கரண்ட் கிடையாது. இந்த வெள்ளிக்கிழமையே அவளைக் கிளம்பச் சொல். ரயிலில் கீழ் பெர்த் எடுத்துக்கொடுக்கச் சொல். வந்து இறங்கியதும் எனக்கு ஒரு போன் போடு. அண்ணன் தயங்கிக் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் அவளே போய்ப் பக்கத்தில் உட்காரட்டும்.

உன்
சரோஜா