உன் பட்டியலைப் பார்த்தேன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. காலையில் செய்தித்தாளை இப்போது அவரே படிக்கிறார், யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. வீட்டில் மற்ற எல்லோரும் நலம்.

தேர்வு முடிந்த கையோடு நீயும் உன் மகளுமாகச் சேர்ந்து ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறீர்கள் என்று படித்ததும் ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. நீ அனுப்பிய பட்டியலை நிதானமாகப் பார்த்தேன். பாதி அப்படியே இருக்கட்டும். மீதியை மாற்றச் சொல்வேன், காரணத்தோடு.

பட்டியலில் மானிட்டர் கடைசி வரியில் இருக்கிறது. அதை முதல் வரிக்குக் கொண்டு வா. எந்தத் திரையில் விளையாடப் போகிறாள் என்பது முடிவானால்தான் எவ்வளவு பெரிய கிராஃபிக்ஸ் கார்டு (திரைக்கான படத்தை வரையும் பாகம்) வேண்டும் என்று சொல்ல முடியும். 4கே, 1080பி என்பவை திரையில் எத்தனை புள்ளிகள் என்பதைக் குறிக்கும். 4கே திரையில் இருக்கும் புள்ளிகள் 1080பி திரையில் இருப்பதைப்போல நான்கு மடங்கு. அத்தனையையும் நொடிக்கு 60 முறை வரைய உங்கள் பட்ஜெட்டில் வரும் கார்டு திணறிப் போகும். 1080பி, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) மானிட்டர் எடு. அவள் கேட்கும் வேலரண்டுக்கும் கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்கும் அந்த ஹெர்ட்ஸ்தான் முக்கியம்.

அந்த இரண்டு விளையாட்டுகளும் கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரைத்தான் அதிகம் வேலை வாங்கும். நீ ஆசைப்படும் சைபர்பங்க் 2077 கிராஃபிக்ஸ் கார்டைப் பிழிந்தெடுக்கும். ஒரே பெட்டியில் இருவரும் விளையாட வேண்டும் என்றால் இரண்டையும் சமமாகப் பார்க்க வேண்டும்.

இனி பெரிய மாற்றத்துக்கு வருகிறேன். ரைசன் 5 5500 பிராசஸரும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டும் போட்டிருக்கிறாய். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் விலைக்குத் தகுந்த பொருள்கள் மாதிரித்தான் தெரியும். சேர்த்து மாட்டினால்தான் சிக்கல். அந்தக் கார்டில் இருப்பது 4 ஜிபி மெமரி. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டோடு அது பேசும் பாதையும் வெறும் நான்கு லேன், அதாவது நான்கு தடம்தான். பிசிஐஇ எனப்படும் அந்தப் பாதையின் 4.0 பதிப்பு வேகம் கிடைக்கும் என்று நம்பி அப்படிக் குறுக்கியிருக்கிறார்கள். ஆனால் 5500 பிராசஸர் தருவது பிசிஐஇ 3.0 மட்டுமே. வேகம் அங்கேயே பாதியாகிவிடுகிறது. கார்டின் 4 ஜிபி நிறைந்துவிட்டால் மீதித் தகவல் கம்ப்யூட்டரின் பொது மெமரியான ரேமிலிருந்து அந்த ஒடுங்கிய பாதை வழியாகத்தான் வந்தாக வேண்டும். சராசரி வேகம் நன்றாக இருப்பதாகக் காட்டினாலும் விளையாட்டு இடையிடையே நின்று நின்று ஓடும். 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 படம்) ஓடுகிறதே, ஏன் கண்ணை உறுத்துகிறது என்று குழம்பிப் போவீர்கள்.

அதனால் பிராசஸரை ரைசன் 5 5600 ஆக்கு. அதே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட்தான். ஆனால் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரியான எல்3 கேஷ் 16 எம்பிக்குப் பதில் 32 எம்பி, பிசிஐஇ 4.0வும் உண்டு. விளையாட்டுகளுக்கு அந்தக் கேஷ் நிஜமாகவே உதவும். கூலர் பெட்டியோடு வரும் பதிப்பையே கேட்டு வாங்கு, அதுவே போதும். கார்டு குறைந்தது 8 ஜிபி இருக்க வேண்டும். ஆர்எக்ஸ் 6600 2021-இல் வந்தது, பழையதுதான். ஆனாலும் 132 வாட்டுக்குள் அடங்கிக்கொண்டு 1080பியில் நல்ல வேலை செய்கிறது. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் 12 ஜிபி உள்ள இன்டெல் ஆர்க் பி580-ஐயும் பார். அதற்கு ரீசைசபிள் பார் என்ற அமைப்பை மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸான பயாஸில் கட்டாயம் ஆன் செய்ய வேண்டும். பிராசஸர் கொஞ்சம் பழையது என்றால் சில விளையாட்டுகளில் அந்தக் கார்டு தன் முழு வேகத்தைக் காட்டுவதில்லை. 5600-ஓடு என்றால் என் ஓட்டு 6600-க்குத்தான்.

பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் புது வகையான ஏஎம்5-க்கே போய்விடலாமா என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. அது 2022-இல் வந்த சாக்கெட், இன்னும் சில தலைமுறை பிராசஸர்கள் அதில் உட்காரும். ஆனால் அதில் டிடிஆர்5 என்ற புது வகை ரேம் மட்டும்தான் ஓடும். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை எப்படி ஏறியது என்று உனக்கே தெரியும். அங்கே கொடுக்கும் பணம் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்துதான் கழியும். யாரிடமாவது பழைய டிடிஆர்4 ரேம் கிடைத்தால் 5600 உட்காரும் ஏஎம்4-இல் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். தவிர, ஏஎம்4 நீண்ட ஆயுள் கண்ட சாக்கெட். 2017-இல் வாங்கிய சில போர்டுகளில்கூடப் பயாஸைப் புதுப்பித்ததும் 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசஸர் ஓடுகிறது. உன் மகளுக்குப் பிற்பாடு வேகம் போதவில்லை என்றால், அது கிடைத்தால் அதே போர்டில் மாட்டிக்கொள்ளலாம்.

மதர்போர்டில் ஏ520 வகையை விட்டுவிட்டு பி550 வகை எடு. ஏ520-இல் பிசிஐஇ 4.0 கிடையாது. விலை உயர்ந்த போர்டு வேண்டாம், விளையாட்டு வேகத்தில் அதனால் ஒன்றும் கூடாது.

ரேம் 16 ஜிபி ஒற்றைக் குச்சியாகப் போட்டிருக்கிறாய். இரண்டு 8 ஜிபியாக மாற்று. ரேமுக்குப் போகும் இரண்டு பாதையும் (சேனல்) சேர்ந்து ஓடும்போது வரும் வித்தியாசம் பிராசஸரை நம்பிய விளையாட்டுகளில் கண்ணுக்கே தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸருக்கு அருகிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகு. பிறகு பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதில் எழுதிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய். அதைச் செய்யாவிட்டால் 3200 என்று எழுதிய ரேம் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

விளையாட்டுகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி சரியாகவே இருக்கிறது, 1 டிபி என்விஎம்இ (வேகமான வகை) போதும்.

பவர் சப்ளை விஷயத்தில் மட்டும் என் பேச்சைத் தட்டாதே. பெயர் தெரியாத 500 வாட் ஒன்றை எழுதியிருக்கிறாய். பெட்டியில் போட்டிருக்கும் அந்தப் பெரிய எண்ணை நம்பாதே. பக்கவாட்டில் ஒட்டிய லேபிளில் 12 வோல்ட் வரி எத்தனை ஆம்பியர் என்று பார், அதை 12-ஆல் பெருக்கு. 24 ஆம்பியர் என்றால் 288 வாட்தான், மீதி வாட் இந்த வேலைக்கு உதவாது. பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது அந்த வரியிலிருந்துதான். 80 பிளஸ் முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் வருகிறது என்பதை மட்டும் சொல்லும். உள்ளே இருக்கும் பாகங்கள் உறுதியானவையா, ஆபத்து வந்தால் தானாக அணையுமா என்பதையெல்லாம் சொல்லாது. உங்கள் கம்ப்யூட்டர் முழுசாக ஓடினாலும் 300 வாட்டைத் தாண்டாது. அதனால் நல்ல தயாரிப்பாளரின் 550 வாட், ஐந்து வருடமாவது வாரண்டி உள்ளதாக ஒன்று போதும். பணம் பற்றவில்லை என்றால் கலர் லைட்டை விடு, கண்ணாடி கேபினட்டை விடு, இதை விடாதே. முன்பக்கம் வலைபோட்ட சாதாரண கேபினட்டில் காற்று இன்னும் நன்றாகவே போகும். கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் பவர் சப்ளை வாங்கினால் அதோடு வந்த கேபிள்களை மட்டுமே பயன்படுத்து. வேறு ஒன்றின் கேபிள் அதில் கச்சிதமாகப் பொருந்தலாம், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருந்தால் எஸ்எஸ்டி புகைந்துவிடும்.

பழைய பாகம் வாங்கலாமா என்றும் கேட்டாய். கிராஃபிக்ஸ் கார்டு, பிராசஸர் வாங்கலாம். கார்டை உன் கண் முன்னால் அரை மணி நேரமாவது ஓட்டிக் காட்டச் சொல். பவர் சப்ளையை மட்டும் புதிதாகவே வாங்கு.

அசெம்பிள் செய்யும் வேலையை அவளிடமே விடு, நீ டார்ச் பிடி. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராஃபிக்ஸ் கார்டில் செருகச் சொல், 5600-இல் படம் காட்டும் பகுதியே கிடையாது. விண்டோஸ் 11-இல் வேலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்புகள் இரண்டும் பயாஸில் ஆன் ஆகியிருக்க வேண்டும். அப்புறம் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்கச் சொல், பெரும்பாலும் அது 60-இலேயே நிற்கும்.

மாற்றிய பட்டியலை அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன். மாட்டும் அன்று எதிலாவது தடங்கல் வந்தால் எந்த நேரமானாலும் வீடியோ காலில் கூப்பிடு.

அன்புடன்,
உன் நண்பன்