கரை இறங்கியவர்களுக்குச் சாசனத்தில் இடம் எங்கே? ஓ.ஐ.சி.க்கு ஒரு திறந்த மடல்

இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் (ஓ.ஐ.சி.) மாண்புமிகு பொதுச்செயலாளர் அவர்களுக்கும், அதன் 57 உறுப்பு நாடுகளின் வெளியுறவு அமைச்சர்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த மடலை இலங்கையின் புத்தளத்திலிருந்து எழுதுகிறேன். 1990 அக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. புத்தளத்து உப்புக் காற்றில் கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்த எங்களுக்கு, நிவாரண அரிசியின் மணமும், பள்ளிக்கூடத்தில் "அகதிப் பிள்ளை" என்று அழைக்கப்படும்போது வரும் கூச்சமும், எந்தப் படிவத்திலும் நிரந்தர முகவரி என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா தயங்கி நிற்பதும் பழகிப்போனவை. மியன்மாரின் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்யா மக்களைப் பற்றி உங்களுக்கு எழுத எனக்கு இருக்கும் தகுதி இவ்வளவே.

2024 டிசம்பரில், முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளிவாய்க்கால் கரைக்கு அப்பால், பெண்களும் சிறுவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்களைச் சுமந்த படகொன்று வந்து நின்றது. அதைக் கண்டவர்கள் அப்பகுதித் தமிழ் மீனவர்கள். 2009இல் போரின் கடைசி நாட்களில் தம் பிள்ளைகளை அதே மணலில் பறிகொடுத்த அந்த ஊர் மக்கள், வந்தவர்களின் மொழி விளங்காதபோதும், மதம் வேறாக இருந்தபோதும், உணவும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2022 டிசம்பரில், வட கடலில் தத்தளித்த இன்னொரு படகிலிருந்து 104 பேரை இலங்கைக் கடற்படை மீட்டுக் கரைசேர்த்தது; எரிபொருளுக்கும் மருந்துக்கும் நாங்களே வரிசையில் நின்று களைத்திருந்த ஆண்டு அது. இலங்கை உங்கள் அமைப்பின் உறுப்பு நாடும் அல்ல. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையை ஏற்ற நாடும் அல்ல. கரை இறங்கியவர்களை எங்கள் அரசு பின்னர் நடத்திய விதத்தில் எங்களுக்குக் குறைகள் உண்டு. அவற்றை எங்கள் அரசிடமே கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆயினும் அவர்கள் கரை இறங்கினார்கள். இம்மடலில் நான் பேச விரும்புவது அந்த ஒரு விடயத்தைப் பற்றித்தான்.

முதலில், உங்கள் அமைப்பு செய்த நற்காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். 1969 ஆகஸ்ட் 21ஆம் திகதி அல்-அக்ஸா பள்ளிவாசலில் வைக்கப்பட்ட தீயின் புகை அடங்கும் முன்னரே, அடுத்த மாதம் ரபாத்தில் தலைவர்கள் கூடியதன் விளைவாகப் பிறந்த அமைப்பு இது. அன்று முதல் நிறைவேற்றப்பட்ட தீர்மானங்களின் எண்ணிக்கை பெரிது. அவற்றுள் ஒரு மக்களின் வாழ்வைத் தொட்டவை மிகச் சில. அந்தச் சிலவற்றுள் முதலிடம், என் கருத்தில், காம்பியா மியன்மாருக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன இனப்படுகொலை வழக்குக்கு உரியது. 2017 ஆகஸ்ட் 25இல் மியன்மார் இராணுவம் தொடங்கிய தாக்குதலுக்குப் பின் ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யாக்கள் நாஃப் ஆற்றைக் கடந்து பங்களாதேஷுக்குள் ஓடிவந்தார்கள். 2018 மே மாதம் டாக்காவில் கூடிய உங்கள் வெளியுறவு அமைச்சர்கள் பேரவை, பொறுப்புக்கூறலுக்கென ஓர் அமைச்சர் குழுவை அமைத்து அதன் தலைமையைக் காம்பியாவிடம் கொடுத்தது. வெளியுறவு அமைச்சருக்குப் பதிலாக அக்கூட்டத்துக்கு வந்திருந்த காம்பிய நீதி அமைச்சர் அபூபக்கர் தம்பாடு, பங்களாதேஷின் கொக்ஸ் பஸார் அகதி முகாம்களுக்குச் சென்று அம்மக்கள் சொன்னதைக் கேட்டார். ருவாண்டா இனப்படுகொலைக் குற்றவாளிகளை விசாரித்த தீர்ப்பாயத்தில் பணியாற்றிய அவருக்கு, தாம் கேட்பது என்னவென்று விளங்கியது. 2019 நவம்பர் 11ஆம் திகதி ஹேக் நகரில் வழக்கு தாக்கலானது. 2020 ஜனவரி 23ஆம் திகதி, எஞ்சியிருக்கும் ரோஹிங்யாக்களைப் பாதுகாக்குமாறும் சான்றுகளை அழிக்காதிருக்குமாறும் நீதிபதிகள் ஒருமனதாக மியன்மாருக்கு உத்தரவிட்டார்கள். ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் மிகச் சிறிய நாடு, இருபத்திரண்டு ஆண்டு கால எதேச்சாதிகாரத்திலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த நாடு, இதைச் செய்தது. அந்தச் செய்தியை நாங்கள் எங்கள் பள்ளிவாசல் முற்றத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது இன்றும் நினைவிருக்கிறது.

அந்த வழக்கில் மியன்மார் எழுப்பிய முதல் ஆட்சேபனையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உண்மையான வழக்காளி காம்பியா அல்ல, ஓ.ஐ.சி.யே என்றும், ஆகவே வழக்கைத் தள்ள வேண்டும் என்றும் அந்நாடு வாதிட்டது. 2022 ஜூலை 22ஆம் திகதி நீதிமன்றம் அதை நிராகரித்தது. பிற நாடுகளின் அல்லது அமைப்புகளின் ஆதரவை நாடியதால் ஒரு நாட்டின் சொந்த வழக்கு இன்னொருவருடையதாகிவிடாது என்றது. சட்டப்படி அது சரியான முடிவு. ஆனால் நடைமுறையில் காம்பியாவுக்குப் பின்னால் எத்தனை நாடுகள் நின்றன என்று பார்க்கும்போது மனம் கனக்கிறது. வழக்குச் செலவுக்காக 2020இன் இறுதிவரை பணம் கொடுத்ததாக அறிவிக்கப்பட்ட அரசுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்: பங்களாதேஷ், சவூதி அரேபியா, துருக்கி, நைஜீரியா, மலேசியா. 2023 நவம்பரில் கனடா, டென்மார்க், பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய ஆறு நாடுகள் இணைந்து வழக்கில் தலையிட மனுச் செய்தபோது, உங்கள் உறுப்பு நாடுகளிலிருந்து தனி மனுவோடு வந்தது மாலைதீவு மட்டுமே. கடல் மட்டம் உயர்ந்தால் தன் நிலமே இருக்குமோ என்று அஞ்சும் தீவு நாடு அது. பெரிய இராணுவங்களும் பெரிய எண்ணெய் வயல்களும் பெரிய சட்டக் கல்லூரிகளும் உள்ள ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏன் வரவில்லை என்பதற்கான காரணத்தை அந்தந்த நாட்டு அமைச்சர்கள் தம் மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனினும் என் முதன்மையான முறையீடு ஹேக் நகரைப் பற்றியதல்ல. உங்கள் சொந்தக் கரைகளைப் பற்றியது.

2008 மார்ச் மாதம் செனகலின் டாக்காரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட உங்கள் சாசனத்தின் முதலாம் உறுப்புரை, உறுப்பினரல்லாத நாடுகளில் வாழும் முஸ்லிம் சமூகங்களினதும் சிறுபான்மையினரதும் உரிமைகளையும் கண்ணியத்தையும் சமய, பண்பாட்டு அடையாளத்தையும் பாதுகாப்பதை அமைப்பின் நோக்கங்களுள் ஒன்றாகக் கூறுகிறது. இலங்கை முஸ்லிம்களாகிய எங்களுக்கு அந்த வாசகத்தின் அருமை தெரியும். கோவிட் காலத்தில் எங்கள் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டபோது, இருபது நாள் குழந்தையின் உடல்கூடத் தப்பாதபோது, ஜித்தாவிலுள்ள உங்கள் செயலகத்திலிருந்து வந்த கண்டனமும் கவலையும் எங்களுக்குத் துணையாயின. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்யும் உரிமை திரும்பக் கிடைத்ததில் வெளிநாட்டுக் குரல்களுக்கும் பங்குண்டு. ஆகவே உங்கள் சொல்லுக்கு வலுவில்லை என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. வலு இருப்பதால்தான் கேட்கிறேன். அதே வாசகத்தை ஒரு ரோஹிங்யா தாயின் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவளாக்கப்பட்ட அவள், மியன்மாரின் அராக்கானில் இருக்கும்வரை உங்கள் சாசனம் அவளுடைய கண்ணியத்தைப் பற்றிப் பேசுகிறது. உயிர் தப்பி, உங்கள் உறுப்பு நாடொன்றின் கரையில் அவள் கால் வைத்தவுடன் அந்த வாசகம் அவளைக் கைவிட்டுவிடுகிறது. அங்கே அவள் அந்த நாட்டின் உள்விவகாரம் ஆகிவிடுகிறாள். உறுப்பு நாடுகளின் உள்விவகாரத்தில் தலையிடலாகாது என்று அதே சாசனம் சொல்கிறது.

இது வெறும் சொல் ஆராய்ச்சி அல்ல. 2020 ஏப்ரலில், மலேசியக் கரையில் இறங்க முடியாமல் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கடலில் அலைந்த படகொன்றிலிருந்து சுமார் நானூறு பேரை, எலும்பும் தோலுமாக, பங்களாதேஷ் கடலோரக் காவல் படை மீட்டது. வழியில் இறந்தவர்களைக் கடலில் விட்டிருந்தார்கள். ரமழான் பிறைக்குச் சில நாட்களே இருந்தன. அதே மலேசியா ஒரு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யாக்களுக்கு இருக்க இடம் கொடுத்திருக்கிறது என்பதையும் நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அவர்களுக்குச் சட்டப்படி வேலை செய்யும் உரிமை இல்லை, பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. மக்காவில் தலைமுறைகளாக வாழும் பர்மியச் சமூகத்தினர் பெருந்தொகையானோருக்கு இகாமா என்னும் வதிவிட அனுமதி வழங்கிய சவூதி அரேபியாவில்தான், உங்கள் தலைமைச் செயலகம் இருக்கும் ஜித்தாவுக்கு அருகே, ஷுமைசி தடுப்பு நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்த ரோஹிங்யாக்கள் 2019இல் உண்ணாவிரதம் இருந்தார்கள். இந்தோனேசியாவின் ஆச்சே மீனவர்கள், அதிகாரிகள் தயங்கி நின்றபோது, 2020 ஜூனில் தாங்களே படகைக் கரைக்கு இழுத்து வந்தார்கள்; அதே ஆச்சேயில் 2023 டிசம்பரில் மாணவர் கூட்டமொன்று அகதிகளின் தங்குமிடத்துக்குள் புகுந்து பெண்களையும் குழந்தைகளையும் வெளியே துரத்தியது.

பங்களாதேஷைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை. தன் மக்களுக்கே நிலம் போதாத நாடு, பத்து லட்சத்துக்கும் அதிகமானோரைச் சுமக்கிறது. ஆனால் மூங்கிலும் தார்ப்பாயுமான அந்தக் கொட்டில்களைச் சுற்றி முட்கம்பி வேலி எதற்கு என்று 2021 மார்ச்சில் முகாம் தீப்பற்றி எரிந்தபோது உலகமே கேட்டது. முகாம்களின் உணவுப் பங்கீடு 2023ஆம் ஆண்டில் மாதத்துக்கு ஓர் ஆளுக்கு 12 டொலரிலிருந்து 10 ஆகவும் பின்பு 8 ஆகவும் வெட்டப்பட்டது. 2025 ரமழான் மாதத்தில், அது 6 டொலராகும் என்ற அறிவிப்பு வந்து கடைசி நேரத்தில் தவிர்க்கப்பட்டது. நிவாரண அட்டையில் அரிசி அளவு குறையும் நாளில் ஒரு தாய் யாருடைய கோப்பையை முதலில் குறைப்பாள் என்பதை நான் என் வீட்டில் பார்த்திருக்கிறேன், தன்னுடையதைத்தான். இந்த வெட்டுகள் எல்லாம் மேலை நாடுகளின் நன்கொடை குறைந்ததால் வந்தவை. 57 நாடுகளின் அமைப்பும், 1975 முதல் இயங்கும் இஸ்லாமிய அபிவிருத்தி வங்கியும் இருக்க, ஒரு முஸ்லிம் மக்களின் நோன்பு திறக்கும் உணவு வாஷிங்டனின் வரவுசெலவைப் பார்த்து ஏறி இறங்க வேண்டுமா?

உங்கள் அமைச்சர்கள் சொல்லும் பதில்களை அறிவேன். இடம் கொடுத்தால் மேலும் படகுகள் வரும் என்கிறார்கள்; கடத்தல்காரர்கள் பயனடைவார்கள் என்கிறார்கள்; தாயகம் திரும்புவதே ஒரே தீர்வு, ஊன்றவிட்டால் மியன்மாரின் குற்றத்துக்கு நாமே முத்திரை குத்தியதாகிவிடும் என்கிறார்கள். கடைசி வாதத்தை நான் மதிக்கிறேன், ஏனெனில் எங்களிடமும் அதையே சொன்னார்கள். புத்தளத்தில் எங்களுக்குக் கல்வீடு கட்டவிட்டால் யாழ்ப்பாணத்து உரிமை போய்விடும் என்று சொல்லி, ஆண்டுக்கணக்காகக் கிடுகுக்குள்ளேயே எங்களை இருத்திவைக்க நினைத்தவர்கள் இருந்தார்கள். திரும்பும் உரிமை கொட்டிலில் இருப்பதால் காக்கப்படுவதில்லை. படித்த பிள்ளையும், கையில் ஓர் அடையாளத் தாளும், உழைத்துச் சேர்த்த சிறு தொகையும் உள்ள குடும்பங்களே எங்களில் முதலில் திரும்பிப் போய்த் தம் காணியைக் கேட்டு நின்றன. மேலும், 2023 இறுதியில் மீண்டும் மோதல் மூண்டபின் அராக்கானிலிருந்து ஓடிவந்த புதியவர்களே ஒரு லட்சத்துக்கு மேல். அவர்களை எந்தப் படகும் ஆசைகாட்டி அழைத்து வரவில்லை.

அடைக்கலம் கேட்டு வந்தவரைப் பாதுகாப்பான இடத்தில் கொண்டு சேர்க்கும்படி குர்ஆனின் சூரா தவ்பாவின் ஆறாம் வசனம் கூறுவது, இறைவனுக்கு இணைவைப்பவரைக் குறித்தே. நபித் தோழர்களைத் திருப்பி அனுப்ப மறுத்த அபிசீனியாவின் நஜாஷி மன்னரின் முன், அவர்களைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி கேட்டு மக்காவின் குறைஷியர் கொண்டுவந்த பரிசுப் பொருட்களும் உங்களுக்குத் தெரிந்த கதையே. 2012 மே மாதம் அஷ்காபாத்தில் உங்கள் அமைப்பே கூட்டிய அகதிகள் மாநாடு இந்த மரபைப் பெருமையோடு நினைவுகூர்ந்தது. அந்தப் பிரகடனத்துக்குப் பின்னும் பங்களாதேஷ், மலேசியா, இந்தோனேசியா, பாகிஸ்தான், சவூதி அரேபியா ஆகிய நாடுகள் அகதிகள் உடன்படிக்கைக்கு வெளியேதான் நிற்கின்றன.

அடுத்த வெளியுறவு அமைச்சர்கள் பேரவையின் நிகழ்ச்சிநிரலில், மியன்மாரைக் கண்டிக்கும் வழக்கமான தீர்மானத்தோடு, உறுப்பு நாடுகள் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் தீர்மானம் ஒன்றையும் வையுங்கள். எந்த உறுப்பு நாட்டின் கடற்பரப்பிலும் ரோஹிங்யா படகு திருப்பித் தள்ளப்படாது என்றும், இறங்கியவர்களை ஏற்கும் நாட்டின் செலவை ஏனையவை பகிரும் என்றும், தாள் இல்லாத குற்றத்துக்காக எவரும் காலவரையின்றி அடைக்கப்படமாட்டார்கள் என்றும் அதில் எழுதுங்கள். காம்பியாவின் வழக்குச் செலவை விரும்பியவர் கொடுக்கும் நன்கொடையாக விடாமல், செயலகத்தின் வரவுசெலவுக்கு நாடுகள் செலுத்தும் அதே விகிதத்தில் கட்டாயப் பங்காக ஆக்குங்கள்.

இவற்றுக்குக் காலம் எடுக்கும் என்றால், உடனே செய்யக்கூடிய ஒன்று உண்டு. பங்களாதேஷின் காஜிப்பூரில் இயங்கும் இஸ்லாமியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உங்கள் அமைப்புக்குச் சொந்தமானது. உறுப்பு நாடுகளிலிருந்து மாணவர்கள் விமானம் ஏறி வந்து அங்கே பொறியியல் படிக்கிறார்கள். அதே நாட்டின் தெற்கு மூலையில், முகாமில் பிறக்காவிட்டாலும் முகாமில் வளர்ந்துவிட்ட இளைஞர்கள், சான்றிதழ் தரும் பள்ளியே இல்லாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கென ஓர் ஆயத்த வகுப்பையும், ஆண்டுதோறும் சில இடங்களையும் அங்கே ஒதுக்குங்கள். விண்ணப்பப் படிவத்தில் கடவுச்சீட்டு எண் கேட்கும் கட்டத்தில், பங்களாதேஷ் அரசும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் சேர்ந்து அவர்களுக்கு வழங்கியிருக்கும் பதிவு அட்டையின் எண்ணை எழுத அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து, புத்தளத்தில் வாழும் வடபுல முஸ்லிம்களில் ஒருவர்