என் பள்ளம் நான்கு தடவை தீர்ந்த கதை

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக எழுதவில்லை. காரணம் ஒன்றும் இல்லை, சோம்பல்தான். அக்காவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. ஜமீன்தார் இன்னும் கடனைத் திருப்பித் தரவில்லை. நீயும் கேட்டுத் தொலைக்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மேயர் தோற்றுவிட்டார். சிரிக்காதே. நானும் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. போன தேர்தலில் அவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கி, மாடிப்படியில் கால் பிசகி, உன்னிடம் ‘தியாகி’ பட்டம் வாங்கிய அதே ஆள்தான்.

லஞ்சம், ஊழல் என்று நீ யோசிப்பாய். அதெல்லாம் இல்லையடா. எங்கள் தெருமுனையில் ஒரு பள்ளம். குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். முதல் மழையிலேயே உள்வாங்கிவிட்டது. புகார் எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். மூன்றாம் நாள் குறுஞ்செய்தி வந்தது: ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது.’ அதைப் படித்தபோது நான் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். யாரோ புண்ணியவான் அதில் ஒரு மரக்கிளையைச் செருகி வைத்திருந்தார். மறுபடி புகார் கொடுத்தேன், மறுபடி தீர்த்துவிட்டார்கள். இப்படி நான்கு முறை! அந்த மாதமே மேயர் தொலைக்காட்சியில் தோன்றி, வந்த புகார்களில் அனேகமாக எல்லாமே தீர்ந்துவிட்டன என்று பெருமையாகச் சொன்னார். அந்தக் கணக்கில் என் பள்ளம் நான்கு தடவை இருக்கிறது, சேகர்.

என் வியாதி உனக்குத் தெரியுமே. அன்று ராத்திரியே பழைய மேயர்களின் கதைகளைத் தோண்ட ஆரம்பித்தேன். சிகாகோவில் 1979 ஜனவரியில் ஒரே வார இறுதியில் சுமார் 20 அங்குலப் பனி கொட்டியது. மேயர் மைக்கேல் பிலாண்டிக், இரண்டு வருடம் முன்புதான் சுலபமாக ஜெயித்தவர். பனிக்காக மட்டும் என்றால் ஜனங்கள் திட்டிவிட்டு மறந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் பள்ளிக்கூட வண்டி நிறுத்தங்களைச் சுத்தம் செய்துவிட்டோம், காரை அங்கே கொண்டுபோய் விடுங்கள் என்று அறிவித்தார். போய்ப் பார்த்தால் அங்கேயும் பனிக்குவியல். நகர ரயில்கள் வேறு, கறுப்பின மக்கள் வாழும் பல பகுதிகளின் நிலையங்களில் நிற்காமல் ஓடின. பிப்ரவரி 27 அன்று உட்கட்சித் தேர்தலில் ஜேன் பர்ன் அவரை வீழ்த்தினார்.

நியூயார்க்கில் ஜான் லிண்ட்சேக்கும் பனிதான் வினை. 1969 பிப்ரவரியில் குயின்ஸ் தெருக்கள் நாள்கணக்கில் பனி வாரப்படாமல் கிடந்தன. பார்க்கப் போனவரைக் கூச்சலிட்டே அனுப்பினார்கள். உட்கட்சித் தேர்தலிலும் தோற்றார். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தொலைக்காட்சி விளம்பரத்தில் வந்து, அந்தப் பனி விஷயத்தில் நான் போட்ட கணக்கு தப்பு என்று ஒப்புக்கொண்டார். வேறொரு கட்சியின் சார்பில் நின்று நவம்பரில் ஜெயித்தும் விட்டார். எதிராளிகள் இருவர் ஓட்டைப் பிரித்ததும் உதவியது. நீ குறுக்கே பாய்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் இப்படியே விழுவதில்லைதான். லோரி லைட்ஃபுட் 2019 மேயர் தேர்தலில் சிகாகோவின் 50 வார்டுகளையும் அள்ளினார், 2023-ல் முதல் சுற்றிலேயே மூன்றாம் இடம் வந்து வெளியேறினார். அங்கே குற்றங்கள் மீதான கோபமும், கண்ட பேரோடு மல்லுக்கட்டியதும் சேர்ந்துகொண்டன.

என்னை உறுத்துவது வேறு. எதிர்வீட்டு ஆசிரியை அந்தப் பள்ளத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நான்தான் அவரிடம் ஓட்டுக் கேட்டுப் போனவன். கட்டுப் போட்ட கையோடு வாசலில் நின்று, “தீர்ந்துவிட்டதாமே?” என்று கேட்டார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘இன்னும் முடியவில்லை, தாமதமாகும்’ என்று அந்த மேயர் சொல்லியிருந்தால், நான் வெட்கமில்லாமல் மறுபடியும் அந்தப் படிகளை ஏறியிருப்பேன்.

புது மேயர் பொறுப்பேற்ற அன்றே ஐந்தாவது புகாரைக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரமாகியும் குறுஞ்செய்தி வரவில்லை. எனக்கென்னவோ அதுவே முன்னேற்றமாகத் தெரிகிறது.

அடுத்த மாதம் நீ வருவதாகச் சொன்னது நினைவிருக்கட்டும். இருட்டிய பிறகு வந்தால் தெருமுனையில் வலது பக்கம் ஒட்டியே நட. மரக்கிளையை யாரோ பிடுங்கிவிட்டார்கள்.

உன்,
தியாகி