கண்ணாடிக் கடைக்காரனுக்கு

மாப்ளே,

ஆறு மாசமா உன் போனை எடுக்கல. திட்டறதை ஒரே தவணையா திட்டிக்கோ. எடுத்தா "சின்னவன் எப்படி இருக்கான்?"னுதான் முதல்ல கேப்ப. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அம்மா சௌக்கியம். கேஸ் வாய்தாவுலயே ஓடுது, அதை விடு.

பவர் பிரஸ் மெஷின்ல மணிக்கட்டோட போச்சே, அந்த இடது கை வலிக்குதுன்னான். புண்ணுதான் ஆறிடுச்சேடான்னேன். "புண்ணு இல்லண்ணா, கை. மூடிக்கிச்சு, திறக்கமாட்டேங்குது, நகம் உள்ளங்கையைக் குத்துது." இல்லாத கை, இல்லாத நகம்! பைத்தியம்னு சொல்லிடுவோம்னு நாலு மாசம் பல்லைக் கடிச்சிட்டு இருந்திருக்கான். அம்மா மந்திரிக்கக் கூப்பிட்டாங்க. நான் தூக்க மாத்திரை வாங்கிக் குடுத்தேன். ரெண்டு பேரும் ஒரே ரகம்.

பிசியோ பொண்ணு சிரிக்கல. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல கைகால் போன சிப்பாய்களுக்கே இந்த வலி இருந்திருக்காம். வைத்தியம் என்னன்னா, கண்ணாடி! நீ காலம்பூரா வித்துட்டு இருக்கியே, அதேதான். மேசை மேல நெட்டுக்குத்தா நிறுத்தி, மொட்டையான கையைப் பின்னால மறைச்சு, வலது கையை முன்னால வைக்கணும். உள்ளே தெரியறது அச்சு அசல் இடது கை. மூளை "திற, திற"ன்னு சொல்லிட்டே இருக்கு, திறந்ததுக்குத் தகவல் வர்றதில்ல. அந்தத் தகவலைக் கண்ணு வழியா பொய்யா அனுப்பறோம். 1990கள்ல இதைக் கண்டுபிடிச்ச வி. எஸ். ராமச்சந்திரன் நம்ம சென்னை ஸ்டான்லியில டாக்டருக்குப் படிச்சவர். பக்கவாதக்காரங்களுக்கும் இப்ப இதைச் செய்யறாங்க.

அதுலயும் வீட்ல ஒரு சண்டை. வலது கையில கட்டியிருந்த கோயில் கயித்தைக் கழட்டச் சொல்லுச்சு அந்தப் பொண்ணு. இடது கையில கயிறு ஏது, மூளை நம்பாதுல்ல. அம்மா விடுவாங்களா? ஒரு நாள் பூரா பேச்சுவார்த்தை. கடைசியில கயிறு காலுக்கு இறங்குச்சு.

மூணு நாள் ஒண்ணும் நடக்கல. எல்லாருக்கும் கேக்காதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. நாலாம் நாள் சுண்டு விரல்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா விரிச்சான். கட்டை விரல் விரிஞ்சதும் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துட்டு இருந்தான். "அண்ணா, விட்டுருச்சு"ன்னான். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போயிட்டேன், மாப்ளே.

ராத்திரியில திரும்ப வருது. ஆனா எழுந்து உக்காந்து கால் மணி நேரம் பண்ணிட்டுப் படுத்துக்கறான்.

இப்ப உனக்கான வேலைக்கு வர்றேன். வீட்ல இருக்கறது பீரோவுல கழட்டுன கண்ணாடி. ரசம் போய் கரும்புள்ளி, கையில அழுகல் விழுந்த மாதிரி தெரியுது. ரெண்டு அடிக்கு ஒண்ணரை அடி, 4 எம்எம்ல வெட்டி, ஓரம் உரசிக் குடு. பெவல் போட்டு அழகு பண்ணாத. அந்தச் சரிவுல விரல் உடைஞ்சு தெரிஞ்சா மிரண்டுருவான். காசை எனக்கு வர வேண்டிய சீட்டுப் பாக்கியில கழிச்சுக்கோ.

லாரியில போட்டு விடாத, நீயே எடுத்துட்டு வா. வந்ததும் அது முன்னால நின்னு சீப்பை எடுக்காத. சீவறதுக்கு உனக்கு என்னடா மிச்சம் இருக்கு?